ஒரு பக்கம் ஃப்ரீ, மறுபக்கம் ஃபிக்ஸ்

ஜூலை 3, வியாழன்

மாத்திரை: இரண்டு வேளை. தூக்கம்: எட்டு மணி நேரம். அட்டாக்: இல்லை.

முதல் நோட்டு நேற்றோடு தீர்ந்தது. இது இரண்டாவது. அட்டையில் மயில் படம். மனைவி சுகுணா பார்த்து வாங்கினாளா, கடையில் இருந்ததே அதுதானா என்று கேட்கவில்லை.

டாக்டர் வசுமதி கேட்டது மேலே உள்ள ஒரு வரிதான். தினமும் எழுதிக் காட்ட வேண்டும். மீதிப் பக்கம் காலியாகக் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பதினெட்டு வருடம் சொட்டுநீர்க் கம்பெனியில் சர்வீஸ் ரிப்போர்ட் எழுதியவன் நான். எந்தத் தோப்பில் வால்வு அடைத்தது, எங்கே எலி ட்யூபைக் கடித்தது என்று எழுதி எழுதியே பேனா தேய்ந்தது. மீதியையும் நானே நிரப்பிக்கொள்கிறேன்.

புது நோட்டு என்பதால் கதையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மார்ச் நான்காம் தேதி ஒரு தென்னந்தோப்பில் சொட்டுநீர் ஃபில்டரைக் கழுவிக் கொடுத்துவிட்டு, வாய்க்கால் மேட்டில் பைக்கில் வந்துகொண்டிருந்தேன். அடுத்து நான் பார்த்தது ஆஸ்பத்திரி மின்விசிறியை. நடுவில் நடந்ததைத் தேங்காய் பறிக்க வந்த இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். டாக்டர் அதை 'சீஷர்' என்கிறார். பேப்பரில் வலிப்பு என்று போடுவார்கள். எங்கள் தெருவுக்கு அது ஃபிக்ஸ். "கிட்டுசாமிக்கு ஃபிக்ஸ் வந்துருச்சாமா" என்று வாசல் வரை வந்து விசாரித்தார்கள். அது ஃபிட்ஸ் என்று திருத்தலாம்தான். படுத்துக் கிடப்பவன் அடுத்தவர் உச்சரிப்பைத் திருத்தினால் நன்றாகவா இருக்கும்?

ஆறு மாதம் ஒன்றும் வராமல் இருந்தால் சைக்கிள் ஓட்டலாம், மோட்டார் வண்டியைப் பற்றி அதற்குமேல் பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். செப்டம்பரில் தோப்புக்குப் போக முடிந்தால் உங்கள் லைன், அந்தத் தோப்புச் சுற்று, உங்களுக்கே, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். அதுவரை கம்பெனி டெப்போவில் உட்கார்ந்து வாஷர் எண்ணுகிறேன். "நீங்க சைக்கிள்ல போனாலும் சரி, நடந்து போனாலும் சரி" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. செப்டம்பர் நான்கோடு ஆறு மாதம். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

ஜூலை 5, சனி

மாத்திரை: இரண்டு வேளை. தூக்கம்: ஒன்பது. அட்டாக்: இல்லை.

இந்த மாத்திரை ஆளைத் தூங்க வைக்கிறது, எழுந்த பிறகும் விடுவதில்லை. காலை பத்து மணிக்கே சாயங்காலம் போல இருக்கிறது.

என் லைனை மனதில் ஓட்டிப் பார்த்தேன். வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் தார் ரோடு. அப்புறம் வாய்க்கால் மேடு, ஜல்லி கொட்டிப் பாதியில் விட்டது. அப்புறம் தோப்புகளுக்குள் செம்மண், மழை பெய்தால் கணுக்கால் வரை சேறு. மூன்று மதகு உண்டு. பைக் என்றால் சுற்றிப் போவேன். சைக்கிள் என்றால் தூக்கிக்கொண்டு தாண்டிவிடலாம், தூக்குகிற மாதிரி சைக்கிள் இருந்தால்.

பால்காரர் ஓட்டுகிற சைக்கிளை நாற்பத்தெட்டு வயதில் தோளில் போட்டால் வேறொரு டாக்டரைப் பார்க்க வேண்டிவரும்.

ஜூலை 9, புதன்

மாத்திரை: இரண்டு வேளை. தூக்கம்: எட்டு. அட்டாக்: இல்லை. மழை.

ஜூலை 12, சனி

மாத்திரை: இரண்டு வேளை. தூக்கம்: எட்டு. அட்டாக்: இல்லை.

சைக்கிள் கடைக்குப் போனேன். பஸ்ஸில். சுகுணா கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்று விட்டேன். கடைக்காரன் எட்வினுக்கு முப்பது வயது இருக்கும். சைக்கிளைத் தொடும்போது கையைத் துடைத்துக்கொண்டு தொடுகிறான். அதிலேயே எனக்குப் பிடித்துவிட்டது.

"ரோட்டுக்கா சார், மலைக்கா?"

"ரெண்டுக்கும் நடுவுல. சேத்துக்கு."

மலைச் சைக்கிள் ஒன்றைத் தூக்கிப் பார்க்கச் சொன்னான். கனம். ரேஸ் சைக்கிளைத் தூக்கிப் பார்த்தேன். காகிதம் மாதிரி இருந்தது, ஆனால் டயர் என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. தோப்புக்குள் போனால் அப்படியே நட்டுவைத்த மாதிரி நின்றுவிடும். அப்போது அவன் போனில் ஒரு படம் காட்டினான். எந்த ஊரோ, குளிர்காலம், முழங்கால் வரை சேறு அப்பியவர்கள் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடேறி ஓடுகிறார்கள்.

"இது சைக்ளோகிராஸுங்க சார். பாக்கறதுக்கு ரேஸ் சைக்கிளாட்டவேதான் இருக்கும். ஆனா டயர் அகலம், பட்டன் பட்டனா இருக்கும். ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவுல வெரல் போற அளவுக்கு எடம் உட்டிருப்பான், சேறு அடைக்காது. ஓட்ட முடியாத எடத்துல தோள்ல போட்டுட்டு ஓடோணும். அதுதான் போட்டியே."

"ஓட முடியாதவன் என்ன பண்றது?"

"நடங்க சார். யாரு கேக்கப்போறா."

பைக்கை விட்டு ஏன் சைக்கிளுக்கு வருகிறேன் என்று அவன் துருவவில்லை. "சுகருங்களா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். ஊரில் பாதிப் பேருக்கு இருப்பது எனக்கும் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூலை 17, வியாழன்

மாத்திரை: இரண்டு வேளை. தூக்கம்: எட்டு. அட்டாக்: இல்லை.

ஆடி முதல் நாள். காலையில் காபி டம்ளர் கீழே விழுந்தது. கை வழுக்கியிருக்கும். துடைக்கலாம் என்று குனிந்தால் தரை துடைத்துக் காய்ந்திருந்தது. சுகுணா கை வேகம் அப்படி.

குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்துவிட்டது என்கிறாள். ஸ்க்ரூ நான்கும் ஜன்னல் ஓரத்தில் வரிசையாக இருக்கின்றன. உடைந்த தாழ்ப்பாள் தன் ஸ்க்ரூவை இவ்வளவு அழகாக அடுக்கி வைக்காது. தையல் மெஷினையும் முன்னறையிலிருந்து நடைக்கு நகர்த்திவிட்டாள், அங்கேதான் வெளிச்சமாம். அங்கிருந்து பார்த்தால் படுக்கை, குளியலறை, அடுப்படி மூன்றும் தெரியும். ஜெயிலில் இப்படி ஒரு மேடை கட்டியிருப்பார்கள். சொல்லிக்காட்டினேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "சாப்புட வாங்க" என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

மாத்திரை: இரண்டு வேளை. தூக்கம்: பத்து. அட்டாக்: இல்லை.

நேற்று மறுபடி எட்வின் கடைக்குப் போனேன். கியர் வேண்டுமா என்று பேச்சு வந்தது.

"உங்க லைன்ல ஏத்தம் எறக்கம் இல்லீங்க. கியர் வெச்சா சேத்துல செயின் மாத்தி மாத்தி உழுகும். ஒத்தைப் பல்லுச் சக்கரம் போதும். அதுலயும் ரெண்டு விதம் இருக்குது. ஃப்ரீன்னா நம்ம எல்லாரும் ஓட்டறது. காலை நிறுத்துனாலும் வண்டி போகும். இன்னொண்ணு ஃபிக்ஸ்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது. அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனான். ஃபிக்ஸ் என்றால் பெடலும் பின்சக்கரமும் ஒன்றாகப் பூட்டியது. வண்டி ஓடுகிற வரைக்கும் பெடல் சுற்றும், காலும் சுற்றியாக வேண்டும். நிறுத்துவது என்ற பேச்சே இல்லை. வேகம் குறைக்க வேண்டும் என்றால் பெடலை எதிர்த்து அழுத்த வேண்டும். அது போதாதென்று முன்சக்கரத்துக்கு ஒரு பிரேக் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும்.

"ஒரே சக்கரத்துல ஒரு பக்கம் ஃப்ரீ, மறுபக்கம் ஃபிக்ஸ் வர்ற மாதிரி நடுக்கட்டை, ஹப்புன்னு சொல்லுவாங்க, இருக்குதுங்க சார். கழட்டித் திருப்பிப் போட்டா மாறிக்கும்."

எனக்கு ஃபிக்ஸ்தான் வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டான். சேற்றுக்கு நல்லது, சாமான் குறைவு என்று ஏதோ சொன்னேன்.

உண்மையான காரணத்தை இங்கே எழுதுகிறேன். கை கால் சும்மா இருக்கும்போதுதான் அது வருகிறது. காபி குடிக்கும்போது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது. கால் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மண்டைக்கு வேறு பக்கம் போக நேரம் இருக்காது. பெடல் என்னைப் பிடித்து வைத்திருக்கும்.

அது வருகிறது என்று எழுதிவிட்டேன். வந்தால் என்று எழுதியிருக்க வேண்டும். வரவில்லை.

ஜூலை 26, சனி

மாத்திரை: இரண்டு வேளை. தூக்கம்: எட்டு. அட்டாக்: இல்லை.

வண்டி கிடைத்துவிட்டது. கோயம்புத்தூரில் ஒருவர் வெளிநாடு போகிறார், அவருடைய சைக்ளோகிராஸ். எட்வின் ஃபிரேமை மட்டும் கொண்டுவந்து வைத்திருந்தான். பச்சை நிறம், பழைய ரயில் பெட்டி மாதிரி. பின்சக்கரம் உட்காரும் காடி நீளமாக இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். அது குட்டையாக இருந்தால் சக்கரத்தை முன்னே பின்னே தள்ளிச் செயினை இறுக்க முடியாது. இறுக்க முடியாவிட்டால் ஃபிக்ஸ் போட முடியாது. இதில் நீளம். எல்லா சைக்ளோகிராஸிலும் இப்படி இருக்காதாம்.

தோளில் போட்டுக் கடைக்குள்ளேயே நாலு எட்டு நடந்தேன். மார்ச்சுக்கு அப்புறம் நான் தூக்கிய முதல் கனமான பொருள் இதுதான். வீட்டில் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொட விடுவதில்லை. சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் மூச்சு வாங்கியது.

அந்த இரண்டு பக்க நடுக்கட்டை பெங்களூரிலிருந்து வர வேண்டும். வந்தால் தெரிவிக்க எட்வின் சீட்டில் என் நம்பரை எழுதிக்கொண்டான். "இன்னொரு நம்பர் குடுங்க சார்" என்றான். சுகுணா நம்பரைக் கொடுத்தேன். சைக்கிள் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். ஃபிக்ஸ் சமாசாரம் தெரியாது. கால் நிறுத்த முடியாத வண்டி என்றால் அன்றைக்கே கடைக்குப் போய்ச் சண்டை போடுவாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மாத்திரை: இரண்டு வேளை. தூக்கம்: ஏழு. அட்டாக்: இல்லை.

ஆடிப் பதினெட்டு. ஆழியாற்றுக்குப் போனோம். ஊரே தண்ணீருக்குள் நின்றது. சுகுணா என்னைப் படியை விட்டு இறங்க விடவில்லை. என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றாள், கல்யாணமான புதிதில் திருவிழாக் கூட்டத்தில் நின்ற மாதிரி. "ஊரு பாக்குது" என்றேன். "பாக்கட்டும்" என்றாள்.

படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் தண்ணீரில் பட்டு மின்னியது. பிறகு பார்த்தால் கூட்டம் குறைந்திருந்தது, என் தலை சுகுணா மடியில் இருந்தது. தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. வேட்டி நனைந்திருந்தது. யாரோ குளித்துவிட்டு ஏறும்போது தண்ணீர் சொட்டியிருப்பார்கள். சுகுணா தன் துண்டை இடுப்பில் சுற்றிவிட்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். கட்டிக் கொண்டுபோன தேங்காய்ச் சோறு பிரிக்காமலே திரும்பி வந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாத்திரை: இரண்டு வேளை. தூக்கம்: பத்து. அட்டாக்: இல்லை. அசதி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாத்திரை: இரண்டு வேளை. தூக்கம்: ஒன்பது. அட்டாக்: இல்லை.

சவரம் செய்யும்போது தாடையில் வெட்டிக்கொண்டேன். பிளேடு புதிது. பாதி முகம் நுரையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன், மீதியைச் சுகுணா மழித்துவிட்டாள். அவள் கை நடுங்கவே இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருக்கிறது அவளுக்கு. ரவிக்கை ஆர்டர் அதிகம் போலிருக்கிறது, ஆடித் தள்ளுபடியில் எல்லாரும் துணி எடுத்திருப்பார்கள்.

இன்னும் இருபத்தைந்து நாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மாத்திரை: இரண்டு வேளை. தூக்கம்: எட்டு.

அட்டாக் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணிக்கு டெப்போவில் பர்மிஷன் சொல்லிவிட்டு, எட்வின் கடைக்குப் போகலாம் என்று பஸ் ஸ்டாப்பில் நின்றேன். பஸ் வந்தது, ஏறினேன், இறங்கினேன். கடை வாசலில் ஆட்டோ நின்றது. உள்ளே சுகுணா.

தைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்திருக்கிறாள். அளவு நாடா கழுத்தில் தொங்கியது, மாராப்பில் குண்டூசிகள் குத்தியிருந்தன. கடைக்குள் சைக்கிள்களுக்கு நடுவில் குனிந்து குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். எட்வின் கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு பின்னாலேயே போனான்.

"எங்க படுக்க வெச்சிருக்கீங்க தம்பி?"

"யாரைங்க்கா?"

"ஒருக்களிச்சுத்தானே படுக்க வெச்சீங்க? வாய்ல கீய்ல ஒண்ணும் வெக்கலயே? சாவி கீவி கையில குடுக்கலயே? எத்தன நிமிசம் இருந்துச்சு?"

"அக்கா, நீங்க என்ன கேக்கறீங்கன்னே தெரியலீங்க."

"நீங்கதானே போன் பண்ணிச் சொன்னீங்க, சாருக்கு ஃபிக்ஸ் வந்துருச்சு, கடைக்கு வாங்கன்னு?"

"ஆமாங்க்கா. வந்துருச்சு. இதுதானுங்க ஃபிக்ஸ்." பெட்டியைத் திறந்து காட்டினான். "பெங்களூர்ல இருந்து காத்தாலதான் பார்சல் வந்துச்சு. சார் போனை எடுக்கலைங்க, அதான் உங்களுக்குப் போட்டேன்."

சுகுணா அந்த இரும்பைப் பார்த்தாள். அது என்னவென்று அவளுக்கு ஏறவே இல்லை.

"ஆடி ஒண்ணுல இருந்து இது நாலாவது தம்பி" என்றாள். "அஞ்சு நிமிசத்துக்கு மேல போனா உடனே தூக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. எங்க அவரு?"

நான் வாசலில் நின்றிருந்தேன். நாலாவது என்றாள். முதல் மூன்றும் எந்த நாள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காபி, ஆறு, சவரம். மூன்றுக்கும் நேராக இந்த நோட்டில் இல்லை, இல்லை, இல்லை என்று நானே எழுதியிருக்கிறேன்.

என்னைப் பார்த்ததும் அவள் பக்கத்திலிருந்த டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. எட்வின் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். பிறகு அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அழாதவள், சைக்கிள் கடையில், தெரு பார்க்க அழுதாள். எனக்கு எங்கே கையை வைப்பது என்று தெரியவில்லை. அவள் மாராப்பிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன், குத்திவிடக் கூடாதே என்று.

"சுகர்னு சொன்னீங்களே சார்" என்றான் எட்வின், மெதுவாக. கோபமாகச் சொல்லவில்லை. அவமானத்தில் நான் ஃபிரேமைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

மாத்திரை: இரண்டு வேளை. தூக்கம்: நாலு. அட்டாக்: இல்லை. இது நிஜமான இல்லை.

இன்று டெப்போவுக்குப் போகவில்லை. காலைச் சாப்பாடு முடிந்ததும் சுகுணா ரவிக்கை அளவு எழுதும் நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். யாருடைய கை சுற்றளவுக்கோ அடியில், 'ஆடி 1, காபி, 2 நிமிசம்.' வேறொரு பக்கத்தில், 'ஆடி 18, ஆத்துல, 3 நிமிசம், வேட்டி.' இன்னொன்றில், 'ஆடி 25, சவரம், 1 நிமிசம், ரத்தம்.' யாரும் பார்த்தால் தையல் கணக்கு என்று நினைக்கட்டும் என்று அங்கே எழுதியிருக்கிறாள்.

"என்னோட நோட்டைப் படிச்சியா?"

"படிச்சேன்."

"அப்பறம் ஏன் கண்ணு ஒண்ணுஞ் சொல்லல?"

தட்டில் ஒட்டிய பருக்கையை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "இல்லைன்னு எழுதிட்டு எந்திரிக்கறப்ப உங்க மொகம் சித்த நல்லா இருந்துச்சுங்க. ஆறு மாசமா அந்த மொகத்தை நான் பாக்கல. போய்க் கெடுக்கறதுக்கு மனசு வரல. டாக்டரம்மாகிட்டப் போறதுக்கு மொத நாள் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"சொல்லியிருப்பியா?"

"தெரியலைங்க" என்றாள்.

அவளிடம் சொல்ல எனக்கும் ஒன்று பாக்கி இருந்தது. நேற்று எட்வின் எனக்கு மூன்று முறை போன் செய்திருக்கிறான். பதினொன்று எட்டு, பதினொன்று பதினொன்று, பதினொன்று பதினாலு. போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் பஸ் ஸ்டாப் பெஞ்சில் இருந்தேன். ஒரு பஸ் வருவதைப் பார்த்தேன். அடுத்து, பக்கத்தில் நின்ற பூக்காரம்மா என் தோளைத் தட்டி, "சோடா வேணுமாப்பா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாக்கு ஓரத்தில் கடிபட்டு எரிந்தது. வந்த பஸ்ஸில் ஏறிக் கடைக்கு வந்துவிட்டேன்.

"நீ சொன்ன நாலாவது நெசந்தான்" என்றேன்.

அவன் சொன்ன ஃபிக்ஸ் வேறு, அவள் கேட்ட ஃபிக்ஸ் வேறு. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் வந்திருக்கின்றன. சுகுணா பேனாவை எடுத்து, தன் நோட்டில் தேதி போட்டு, "எத்தன நிமிசம்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். கேள்விக்குறி போட்டுக்கொண்டாள்.

நேற்றைய பக்கத்துக்குப் போய்க் காலி இடத்தில் 'உண்டு' என்று எழுதினேன். மற்ற மூன்று நாள்களிலும் 'இல்லை'யை அடித்துவிட்டு 'உண்டு' எழுதினேன். ஆறு மாதம் போய்விட்டது. லைனும் போய்விட்டது. பயமாக இருக்கிறது. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 27, புதன்

மாத்திரை: இரண்டு வேளை. தூக்கம்: எட்டு. அட்டாக்: இல்லை (சுகுணாவைக் கேட்டு எழுதியது). பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை நாலு.

செப்டம்பர் 4, வியாழன்

மாத்திரை: புதிது ஒன்று சேர்ந்திருக்கிறது. தூக்கம்: ஏழு. அட்டாக்: இல்லை.

டாக்டர் நோட்டை முதலிலிருந்து படித்தார். சைக்கிள் பக்கங்களையும் விடவில்லை. அடித்து எழுதிய இடங்களில் விரலை வைத்து நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"பெடல் சுத்திட்டே இருந்தா வராதுன்னு எழுதியிருக்கீங்க. வரும் கிட்டுசாமி. அப்ப வந்தா, நீங்க விழுந்த பிறகும் அந்தப் பெடல் உங்க காலைச் சுத்தும்" என்றார்.

கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. பஸ் ஸ்டாப்பில் வந்ததுதான் கடைசி என்று வைத்துக்கொண்டால் பிப்ரவரி வரை எந்த வண்டியும் கிடையாது. மேனேஜருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். பாவம், நல்ல மாதிரிதான் பேசினார். லைனுக்குத் திங்கட்கிழமை முதல் வேறு ஆள். எனக்கு டெப்போவில் ஸ்டோர் வேலை, நிரந்தரமாக. பதினெட்டு வருடம் தோப்புத் தோப்பாகச் சுற்றியவன் இனிமேல் ஒரே ஜன்னல் முன்னால் உட்கார வேண்டும்.

செப்டம்பர் 6, சனி

மாத்திரை: மூன்று. தூக்கம்: பதினொன்று. அட்டாக்: இல்லை.

சைக்கிள் வேண்டாம் என்று எட்வினுக்குச் சொல்லியிருந்தேன். சாயங்காலம் அவனே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். "உங்களுக்குன்னு கட்டுனதுங்க சார். பிப்ரவரி வரைக்கும் இங்கயே நிக்கட்டும்" என்றான். நீங்கள் கேட்டபடி ஃபிக்ஸ் பக்கம்தான் போட்டிருக்கிறது என்று ஆரம்பித்தவன், சுகுணாவைப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லைப் பாதியில் விழுங்கினான். அவளே முடித்துவைத்தாள். மூன்று பேரும் சிரித்தோம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மாத்திரை: மூன்று. தூக்கம்: இன்னும் தூங்குகிறார். அட்டாக்: உண்டு. காலை 6.40. ஒன்றரை நிமிடம். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். 7.15க்கு என் பெயரைச் சொன்னார்.

இதை எழுதுவது சுகுணா. அவர் எழுந்தால் நினைவிருக்காது என்பதால் நான் எழுதுகிறேன்.

அவர் நன்றாகத் தூங்கிய பிறகு, பக்கத்து வீட்டுச் செல்வநாயகி அக்காவை அவரிடம் உட்கார வைத்துவிட்டு, சுடிதார் மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தெருவில் எடுத்தேன். பள்ளிக்கூடம் போகும்போது ஓட்டியது. ஹேண்டில்பார் ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்திருக்கிறது, எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. தெரு முனை வரை போனேன். போதும் என்று காலை நிறுத்தப் பார்த்தால் பெடல் நிற்கவில்லை. காலைத் தள்ளிக்கொண்டே போகிறது. பயந்துவிட்டேன். பிறகு அதன் போக்கில் விட்டுவிட்டேன்.

இது பழக ஒரு மாதம் ஆகும் என்று அந்தத் தம்பி சொன்னார். எனக்கு ஒரே சுற்றில் பழகிவிட்டது. மார்ச் மாதத்திலிருந்து நான் இப்படித்தான் இருக்கிறேன்.

டாக்டரம்மா அவர் மாத்திரை, அவர் தூக்கம், அவர் அட்டாக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இதில் இடம் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். சுகுணா தூக்கம்: மூன்று மணி நேரம். அசதியாக இருக்கிறது.

செப்டம்பர் 8, திங்கள்

மாத்திரை: மூன்று. தூக்கம்: எட்டு. அட்டாக்: இல்லை, கேட்டுத்தான் எழுதினேன். சுகுணா தூக்கம்: நாலரை.

நேற்றைய பக்கத்தைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். இந்த நோட்டில் நான் அவளைப் பற்றி எழுதியதையெல்லாம் தேடிப் பார்த்தேன். தாழ்ப்பாள், மெஷின், கண்ணுக்குக் கீழே கறுப்பு. எல்லாம் கண்ணில் பட்டிருக்கிறது, எனக்குத்தான் உறைக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

காலையில் ஸ்டோருக்குக் கிளம்புவதற்குமுன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். பின்சக்கரத்து நட்டு இரண்டையும் தளர்த்தினேன். சக்கரத்தைக் காடியிலிருந்து உருவி, திருப்பி, ஃப்ரீ பக்கத்துக்குச் செயினைப் போட்டு, இழுத்து இறுக்கினேன். பின்னால் ஒரு பிரேக்கும் மாட்டித்தரச் சொல்லி எட்வினிடம் கேட்க வேண்டும். சுகுணா மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

"என்ன பண்ணறீங்க?"

"உனக்குத்தான். ஓட்டிப் பாரு. இனி காலை நிறுத்தினாலும் வண்டி போகும்."

"நிறுத்திட்டு?"

"சும்மா உக்காந்துக்க."

ஏறினாள். நாலு மிதி மிதித்தாள், பிறகு நிறுத்தினாள். அவள் கால் இரண்டும் அசையாமல் இருந்தன, சக்கரம் டிக் டிக்கென்று தானாக ஓடிக்கொண்டிருந்தது. தெரு முனையில் திரும்புவாள் என்று பார்த்தேன். திரும்பவில்லை, நேராகப் போனாள். செல்வநாயகி அக்காவைக் கூப்பிட்டு, சுகுணா வரும்வரை என் பக்கத்தில் கொஞ்சம் உட்கார முடியுமா என்று நானே கேட்டேன்.